அமைதியான குரல் வேண்டும்

எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. பஸ்ஸில் சீட் கிடைத்தாலும் நுனியில்தான் உட்காருவேன். காளவாசல் சிக்னலில் பச்சை விழுந்தும் பஸ் நகரவில்லை என்றால் இறங்கி நடக்க ஆரம்பித்துவிடுவேன். கொஞ்ச நேரத்தில் அதே பஸ் என்னைத் தாண்டிப் போகும். கண்டக்டர் படியில் நின்று சிரிப்பார். சும்மா இருந்தால் கால் தானாக ஆடும். "காலை ஆட்டாதடி, வீட்டுக்கு ஆகாது" என்று சொல்லிச் சொல்லி அம்மாவே ஓய்ந்துபோனாள். இப்படிப்பட்டவள் போய்ச் சேர்ந்தது எம்.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். புரோகிராமை ஓடவிட்டு, அது முடிகிறவரை திரையையே பார்த்துக்கொண்டு தவம் கிடக்கிற படிப்பு. விளங்குமா?

வீடு மதுரை பழங்காநத்தத்தில். அப்பா, அம்மா, நான். அப்பா விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். பகல் முழுக்க புடவையைப் பிரித்துப் போட்டு "பாருங்கக்கா, பாருங்கம்மா" என்று பேசித் தீர்த்துவிட்டு வருவார். வீட்டுக்கு மிச்சம் ஒரு "ம்" மட்டும்தான். மற்ற பேச்சு முழுவதும் எனக்கும் அம்மாவுக்கும். அந்தப் பேச்சு சௌராஷ்டிராவில். என்றைக்கோ குஜராத் பக்கமிருந்து வந்தவர்களின் பாஷை என்பார்கள். எங்களுக்கு அந்தக் கதையெல்லாம் தெரியாது. வாசற்படி தாண்டினால் தமிழ், உள்ளே வந்தால் நம்ம பாஷை, அவ்வளவுதான்.

கடைசி செமஸ்டரில் சென்னைக் கம்பெனி ஒன்று காலேஜ் இன்டர்வியூவில் என்னை எடுத்தது. ஒரே நிபந்தனை, படிப்பை முழுசாக முடித்துவிட்டு வர வேண்டும். எழுத்துப் பரீட்சை எல்லாம் தாண்டியாயிற்று. பாக்கி இருந்தது புராஜெக்ட் மட்டும். அது நின்றால் அடுத்த செமஸ்டர், அடுத்த செமஸ்டர் என்றால் வேலை அம்போ. அம்மாவுக்கோ நான் மதுரையைத் தாண்டிப் போவதே பிடிக்கவில்லை. "மதுரைல இல்லாத வேலையா? ஐ.டி. ஆபீஸ் இங்க இல்லையா?" என்று ஆரம்பித்தால் சாம்பார் கொதித்து இறங்குகிறவரை நிறுத்த மாட்டாள்.

புராஜெக்டுக்கு என் ஜோடி, மேலூர்ப் பக்கத்துப் பையன். நெல் விவசாயக் குடும்பம். ஆண் பெண் பேதமே கிடையாது அவனுக்கு, என்னையும் "மாப்ள" என்றுதான் கூப்பிடுவான். நாங்கள் எடுத்த வேலை இதுதான்: ஒரு குரலைக் கேட்டால் அது தமிழா சௌராஷ்டிராவா என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்கோ பேங்குக்கோ போன் பண்ணுகிறவர்களுக்கு அவரவர் பாஷையில் ஆள் கொடுக்க இது உதவும் என்று முன்னுரையில் பெரிய பெரிய வார்த்தை போட்டு எழுதியிருந்தோம். கம்ப்யூட்டருக்குப் பழக்க நிறையக் குரல் வேண்டும். தமிழ் அவன் பொறுப்பு. சௌராஷ்டிரா என் பொறுப்பு.

என்ன பெரிய கஷ்டம், வாயைத் திறந்தால் அருவி மாதிரி கொட்டுகிற வீடாச்சே என்று நினைத்தேன். அங்கேதான் மண்ணைக் கவ்வினேன்.

முதலில் அம்மாவை உட்கார வைத்தேன். போனை முன்னால் நீட்டி, "ஏதாவது பேசும்மா" என்றேன். அம்மா எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். முந்தானையைச் சரிசெய்தாள். தொண்டையைச் செருமிவிட்டு, "அனைவருக்கும் வணக்கம்" என்றாள். தமிழில்! "அய்யோ அம்மா, நம்ம பாஷைல பேசு" என்று தலையில் அடித்துக்கொண்டேன். "சரி சரி" என்று நம்ம பாஷையில் சொன்னவள், போனைப் பார்த்ததும் மறுபடி, "நான் பழங்காநத்தத்தில் வசிக்கிறேன்" என்றாள். வசிக்கிறாளாம்! பிறந்ததிலிருந்து அவள் வாயில் நான் கேட்டிராத சொல்.

அம்மா மட்டும் இல்லை, ஜாதகமே அப்படித்தான் எங்கள் ஆட்களுக்கு. பெரியம்மா போனைக் கண்டதும் சமையல் குறிப்பைத் தமிழில் படித்தாள். பக்கத்துத் தெரு மாமா ரொம்ப யோசித்து, "இதை யாரு கேக்கப் போறா?" என்றார். கம்ப்யூட்டர் என்றேன். "கம்ப்யூட்டருக்கு நம்ம பாஷை எங்கம்மா புரியும்? பாவம். தமிழ்லயே சொல்லிடுறேன்" என்று அவர் எதிர்க்கட்சிக்காரர் மேடையேறினது போல ஒரு பிரசங்கம் வைத்தார். பேங்க், ஸ்கூல், ஆஸ்பத்திரி, எந்த வெளி ஆளைப் பார்த்தாலும் தமிழுக்கு மாறிப் பழகிய நாக்கு. போனும் அவர்களுக்கு ஒரு வெளி ஆள். நான் என்ன செய்ய!

அம்மாவிடம் கடைசியாகச் சொன்னேன்: "இந்தப் போன் இனிமே வீட்டுல எப்பவும் ஆன்ல கிடக்கும். நீ பாட்டுக்குப் பேசு. பரவாயில்லையா?"

"என்னத்தையாவது பண்ணித் தொலை" என்றாள். அதுவே அனுமதி.

மறுநாள் காலையிலேயே சென்னைப் பேச்சு வந்தது. ஹாஸ்டல் சாப்பாடு எனக்கு ஒத்துக்காது என்று அம்மா ஆரம்பித்தாள். நான் எதிர்த்துப் பேச, அவள் கரண்டியை ஓங்க, ரெண்டு பேரும் கத்தின கத்தலில் மாடி வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். எல்லாம் ஓய்ந்தபிறகு போனை எடுத்துக் கேட்டேன். அடடா! சுத்தமான சௌராஷ்டிரா. ஒரு தமிழ் வார்த்தை கலப்படம் இல்லை. எங்கள் ஆட்கள் கோபத்தில் மட்டும் போனை மறந்துவிடுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் பிடிபட்டது.

விடுவேனா? ஈரத்துண்டை மெத்தையில் போட்டேன். குடித்த டம்ளரை அப்படியே விட்டேன். பேச்சு மந்தமானால், "சென்னைல ரூம் பாத்தாச்சு" என்று ஒரு பொய். உடனே டேட்டா கொட்டும். பெரியம்மா வீட்டில் நுழைந்து அவளுக்கும் அவள் மருமகளுக்கும் நடுவே கிடந்த பழைய மிக்ஸி விவகாரத்தைக் கிளறிவிட்டு, ஓரமாக உட்கார்ந்து அறுவடை செய்துகொண்டு வந்தேன். நல்ல பிள்ளை என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

மேலூர்க்காரன் பக்கம் நேர்மாறு. அவன் சொந்தக்காரர்கள் எல்லோரும் போனைப் பார்த்ததும் கலெக்டரைப் பார்த்தது போல அடக்கமாகிவிட்டார்கள். "ஐயா, இந்த வருசம் தண்ணி சரியா வரலைங்க" என்று மெதுவாக, மரியாதையாக, ஒருவர் மாற்றி ஒருவர். அவன் பெருமையாகக் கொண்டுவந்து கொடுத்தான்.

எல்லாவற்றையும் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிக் கம்ப்யூட்டருக்குப் பழக்கினோம். இலவசமாக இன்டர்நெட்டில் கிடைக்கிற மெஷின். நாம் தொடாமல் விட்டால் தூங்குகிறோம் என்று நினைத்துக் கழற்றிவிட்டுவிடும். அதற்காகவே பக்கத்தில் உட்கார்ந்து மவுஸை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் பொருத்தமான வேலை. முடிவு வந்தபோது கிட்டத்தட்ட ஒரு தப்பும் இல்லை. எங்கள் கைடு மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மாட்டிக்கொண்டும் பார்த்தார். "இவ்வளவு நல்லா வரக் கூடாதே" என்றார். பொறாமையாக்கும் என்று நினைத்தேன். எனக்கு எப்படியாவது முடிந்தால் போதும் என்றிருந்தது.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்றைக்கு, கேள்வி கேட்க வெளி காலேஜிலிருந்து எக்ஸ்டர்னல் வந்திருந்தார். வயசானவர், நிதானமான ஆள். லேப்டாப் மைக் முன்னால் வந்து, "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். திரையில் 'தமிழ்' என்று வந்தது. நான் என் லேப்டாப்பில் இருந்த பெரியம்மா குரலைப் போட்டேன். 'சௌராஷ்டிரா'. எக்ஸ்டர்னல் தலையாட்டினார். மேலூர்க்காரன் மேசைக்கடியில் என் காலை மிதித்தான், பாஸ் என்று அர்த்தம்.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. அவர் வண்டியை யாரோ மறித்து நிறுத்திவிட்டார்களாம், டிரைவர் கூப்பிட்டிருக்கிறார். "யோவ், நகத்தச் சொல்லுய்யா! என்னய்யா வேலை பாக்குற? இம்புட்டு நேரமா என்ன பண்ணிட்டிருந்த?" என்று மனிதர் எகிறிவிட்டார். அவர் நிதானம் எவ்வளவு என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் போனை வைத்துவிட்டுத் திரும்பினார். நாங்கள் மைக்கை அணைக்கவில்லை. திரையில் பளிச்சென்று நின்றது: 'சௌராஷ்டிரா'.

மேலூர்க்காரன் என் காலிலிருந்து காலை எடுத்தான்.

"நான் என்ன பாஷைம்மா பேசினேன்?" என்றார்.

"தமிழ் சார்."

"நீ உங்க பாஷைல மெதுவா ஏதாவது பேசு."

நான் மெதுவாக, சாப்பிட்டீர்களா என்று கேட்டேன், நம்ம பாஷையில். 'தமிழ்'. மறுபடி கேட்டேன். 'தமிழ்'. கம்ப்யூட்டர் எந்தப் பாஷையையும் கற்கவில்லை. கத்தினால் சௌராஷ்டிரா, அடங்கினால் தமிழ், அதைத்தான் கற்றிருந்தது. நாங்கள் ஊட்டினது அது.

எக்ஸ்டர்னல் எங்கள் ரிப்போர்ட்டைப் புரட்டினார். குரல் எடுத்த விதத்தைப் பற்றிக் கேட்டார், நான் மழுப்பாமல் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. "ஏம்மா, உங்க வீட்டுல சாந்தமா யாருமே பேச மாட்டீங்களா?" என்றார். அவர் கிண்டலாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. யோசித்துப் பார்த்தேன். வேலைப் பேச்சு வந்ததிலிருந்து அம்மா என்னிடம் மெதுவாக ஒரு வார்த்தை பேசினதாக ஞாபகம் இல்லை. நானும்தான்.

"அடுத்த வாரம் வாங்க" என்று முடித்தார். "அமைதியான குரல் கொண்டு வாங்க. அதையும் உங்க மெஷின் கண்டுபிடிச்சா சரி. இல்லைன்னா அடுத்த செமஸ்டர்தான்."

வீட்டுக்கு வந்து பையை விட்டெறிந்தேன். அம்மா அன்றைக்கென்று பேச்சையே நிறுத்தியிருந்தாள். கம்பெனியிலிருந்து சேர வேண்டிய தேதி எழுதின கடிதம் காலையில் மெயிலில் வந்ததை நான் அப்பாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன், அவர் அவளிடம் சொல்லிவிட்டார். பேசாத மனிதர் வாயைத் திறந்தது அதற்குத்தானா! தட்டு டொக்கென்று வந்து விழும். டம்ளர் டொக்கென்று வரும். சத்தம் வருகிறது, பேச்சு வரவில்லை. எனக்குச் சண்டைகூடக் கிடைக்காத நிலைமை, இதில் சாந்தத்துக்கு எங்கே போக?

மேலூர்க்காரனுக்குக் கவலையே இல்லை. "நமக்கு வேண்டியது கோவமான தமிழு. எங்கூர்ச் சந்தைல போய் நின்னாப் போதும் மாப்ள, எம்புட்டு வேணும் சொல்லு" என்று போனான், அள்ளிக்கொண்டு வந்தான். போதாததற்கு அவன் சித்தப்பா வண்டியை வேண்டுமென்றே வரப்பில் இறக்கி, வாங்கிக் கட்டிக்கொண்டதையும் ரெக்கார்டு பண்ணியிருந்தான். நான் அப்பாவைப் பிடித்தேன். "அப்பா, நம்ம பாஷைல கொஞ்ச நேரம் மெதுவா பேசுங்க."

"ம்" என்றார்.

"பேசுங்கப்பா."

"ம்... என்ன பேச?" அத்தோடு சரி.

நாள் ஓடிக்கொண்டே இருந்தது. நான் கூடத்துக்கும் மொட்டை மாடிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். சாப்பிட்டால் இறங்கவில்லை. நம்ம பாஷையில் கொஞ்சுவது எப்படி இருக்கும் என்றே எனக்கு மறந்துபோயிருந்தது, அதை நினைத்தால் பயமாகக்கூட இருந்தது.

ஒரு மத்தியானம். வெளியே தூறல். அம்மா முள்ளு முருங்கை வடை தட்டிக்கொண்டிருந்தாள். என்னோடு பேசவில்லை என்றாலும் எனக்குப் பிடித்ததைச் சுடுவதை நிறுத்தவில்லை, அந்த ரோஷம் எந்த ரகமோ. கை மாவாக இருந்ததால் அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பரமக்குடியில் இருக்கிற சித்தியோடு பேசிக்கொண்டிருந்தாள். என் போன் வழக்கம்போல அடுப்படி அலமாரியில் ஆன் ஆகிக் கிடந்தது. நான் அடுத்த அறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் குரல் வந்தது. அது என்னிடம் பேசுகிற குரலே இல்லை. பஞ்சு மாதிரி, இழுத்து இழுத்து. நம்ம பாஷையில் அவள் சொன்னதை இங்கே தமிழில் சொல்கிறேன்.

"போறவளைப் பிடிச்சா வைக்க முடியும்? கஷ்டப்பட்டுப் படிச்சது அவ. போகட்டும், நல்லா இருக்கட்டும். எனக்குத்தான்டி... அவர் கடையில இருந்து வந்தா ம்முங்கிறதோட சரி. அக்கம் பக்கம் பூரா தமிழ். இவ போயிட்டா இந்த வீட்டுல நான் யாருகிட்ட வாயைத் திறக்கிறது? சண்டை போடறதுக்காவது ஒரு ஆள் இருந்தா. அவகூட நாலு வார்த்தை கத்தினாத்தான் எனக்குப் பொழுதே விடியுது."

என் கால் நின்றுபோனது. அழுகை வந்தது. கூடவே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு சந்தோஷமும் வந்தது. அமைதியான குரல்! சுத்தமான சௌராஷ்டிரா! என் வேலை அங்கே அலமாரியில் பதிவாகிக்கொண்டிருந்தது. என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

சித்தி வைத்ததும் அடுப்படிக்குப் போனேன். "அம்மா, நீ பேசினது ரெக்கார்டு ஆயிருச்சு" என்றேன்.

"எது?"

"சித்திகிட்ட பேசினது. எல்லாம்."

அம்மா கையிலிருந்த வடையை எண்ணெயில் விடாமல் அப்படியே நின்றாள். எத்தனையோ நாளுக்கு அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். நான் வைவாவில் நடந்ததை முதல் தடவையாக அவளிடம் சொன்னேன். கம்ப்யூட்டர் நம்ம பாஷையைச் சண்டை என்று நினைத்துக்கொண்டதை, அந்த ஆள் சிரித்ததை, அடுத்த வாரக் கெடுவை, எல்லாவற்றையும்.

"நம்ம பாஷைல சண்டை மட்டுமா இருக்கு?" என்றாள். குரலில் கோபம் இருந்தது. என்மேல் இல்லை.

"இல்லைன்னு காட்டணும்னா நீ பேசினதைத்தான் அங்க போட்டுக் காட்டணும். வேண்டாம்னா சொல்லு, இப்பவே அழிச்சிடுறேன்."

அழித்திருப்பேனா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சொல்லிவிட்டேன்.

"போட்டா பாஸ் ஆயிருவியா?"

"ஆயிருவேன்."

"அப்புறம் போயிருவ."

"போயிருவேன்ம்மா."

அவள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் இங்கேதான். ரெண்டு பேருக்கும் அது தெரிந்திருந்தது. எண்ணெய் புகைய ஆரம்பித்தது. அம்மா அடுப்பைக் குறைத்தாள். கையிலிருந்ததை விட்டாள், அது பொங்கி மேலே வருகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தாள். "தெறிக்கும், தள்ளி நில்லு" என்றாள்.

தள்ளி நின்றேன்.

"அங்க இருக்கிறவங்க யாருக்கும் நம்ம பாஷை தெரியாதுல்ல?"

"தெரியாதும்மா."

"அப்பப் போடு" என்றாள். ஒரு வடையை எடுத்துப் பொடியைத் தூவி என் கையில் வைத்தாள்.

மிச்ச நாட்களிலும் அவள் சித்தியோடு பேசுகிறபோது போன் அங்கேயே கிடந்தது. அதில் கிடைத்ததை வைத்துக் கம்ப்யூட்டருக்குப் புதிதாகப் பழக்கினோம். அடுப்படியில் முதலில் பேசின அந்தப் பேச்சை மட்டும் அதற்குக் காட்டாமல் தனியாக வைத்தேன், பரீட்சைக்கு. காட்டாத குரலைக் கண்டுபிடித்தால்தானே அது படித்ததாக அர்த்தம்.

எக்ஸ்டர்னல் வந்தார். மேலூர்ச் சந்தையைப் போட்டோம், கத்தல் காது கிழிந்தது. 'தமிழ்'. அவர் தன் குரலையும் உயர்த்தி, டிரைவரைத் திட்டினது போலத் திட்டிப் பார்த்தார். 'தமிழ்'. அப்புறம் அம்மா. அந்தக் குளிர்ந்த அறையில், எக்ஸ்டர்னலுக்கும் கைடு மேடத்துக்கும் நடுவில், வடைச் சத்தத்தோடு அம்மா மெதுவாகப் பேசினாள். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். 'சௌராஷ்டிரா'.

"நல்லா இருக்கும்மா" என்றார். "என்ன சொல்றாங்க இவங்க?"

"வடை சுடுறதைப் பத்தி சார்" என்றேன்.

கைடு மேடம் மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார்.

கிளம்புகிற அன்றைக்குக் காலை ரயில். அப்பா கடைக்கு லேட்டாகும் என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு வந்தார், பெட்டியை மேலே வைத்தார், "ம்" என்றார், தண்ணி பாட்டில் வாங்கப் போனார். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திடீரென்று அந்தப் பஞ்சுக் குரலில், நம்ம பாஷையில், என்னிடமே சொன்னாள்: "பசிச்சா உடனே சாப்பிடு. யாரும் பரிமாறுவாங்கன்னு காத்திருக்காத. என்ன?"

புத்தி போகுமா! கை தானாகப் போனை எடுத்தது. "இன்னொரு தடவை சொல்லும்மா" என்று நீட்டினேன்.

அம்மா போனைப் பார்த்தாள். முந்தானையைச் சரிசெய்தாள். "நல்லபடியாக வேலை பார்த்து, எல்லோரிடமும் நல்ல பெயர் எடுக்க வேண்டும்" என்றாள். சுத்தத் தமிழில்.

"அய்யோ! யாருக்கும்மா சொல்ற? நம்ம பாஷைல சொல்லு!" என்று நான் கத்தினேன், நம்ம பாஷையில்.

"பிளாட்பாரத்துல நின்னு கத்தாதடி, மானம் போகுது!" என்று அவளும் கத்தினாள். அதற்கு நான் ஒன்று சொல்ல, அவள் ஒன்று சொல்ல, எதிர் சீட்டுக்காரர் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்க்க, ரயில் நகர்ந்துவிட்டது. ஒரு டாட்டாகூடக் காட்டிக்கொள்ளவில்லை. எனக்குத் தாங்கவே முடியவில்லை. சீட் நுனியில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

கொடைக்கானல் ரோடு தாண்டும்போது போன் வந்தது. அம்மா. அவள் என்னைப் பேச்சுக்கென்று போனில் கூப்பிட்டதே கிடையாது. அடுத்த அறையிலிருந்து கத்தினால் போதும் என்கிற தூரத்தில்தானே எப்போதும் இருந்தேன்.

"உக்கார எடம் நல்லா இருக்கா?" என்று கேட்டாள். சித்தியிடம் பேசுகிற அந்தக் குரலில்.

இருக்கு என்றேன். நானும் மெதுவாகத்தான் சொன்னேன். அடுத்த மூச்சில் அப்பாவைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்தாள். நான் சாய்ந்து உட்கார்ந்து, திண்டுக்கல் வருகிறவரை கேட்டுக்கொண்டு வந்தேன்.